குடத்தில் யார் பெயர்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதிலிருந்து கடலூர், புதுச்சேரி வட்டாரங்களிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பகுதி தொழிற்பயிற்சி நிலையம், மேல்நிலைப் பள்ளியின் தொழிற்பிரிவு, பாலிடெக்னிக் ஆகியவற்றின் சேர்க்கை பற்றியே பேசுகிறது. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன். ஃபிட்டர் பிரிவில் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். என் விடைகளில் பட்டறையின் பக்கம் ஒரு சாய்வு இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

“மதிப்பெண்ணைவிட நியாயமான அளவுகோல் எது? அதில் சிபாரிசு நுழைவதில்லை, முகம் பார்ப்பதில்லை. இப்போது சிலர் தொழிற்கல்விச் சேர்க்கைக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பதே தவறு என்கிறார்கள். திறமைக்கு மதிப்பில்லாமல் போய்விடாதா?”
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மஞ்சக்குப்பம்

ஐயா, சிபாரிசு நுழையாது என்று நீங்கள் சொல்வதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆளைப் பார்த்து இடம் கொடுத்த காலத்தோடு ஒப்பிட்டால் தரவரிசைப் பட்டியல் பெரிய முன்னேற்றம். ஆனால் பட்டியல் நேர்மையானது என்பதும், அதிலுள்ள எண் நாம் தேடுவதையே அளக்கிறது என்பதும் இரண்டு வெவ்வேறு செய்திகள்.

ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவனுக்கு முதல் சில வாரங்கள் ராவுதல்தான் வேலை. இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, அரத்தை இரு கைகளாலும் தள்ளி, மேற்பரப்பைச் சமமாக்க வேண்டும். பிறகு மூலைமட்டத்தை அதன்மேல் நிறுத்தி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்போம். எங்கேயாவது ஒரு கீற்று வெளிச்சம் கசிந்தால் அந்த இடம் பள்ளம். மறுபடியும் ராவ வேண்டும். இந்த வேலையில் பொறுமையும் கையின் நிதானமும் உள்ளவர் யார் என்பதைச் சமூக அறிவியலில் பெற்ற 92 ஒருபோதும் எனக்குச் சொன்னதில்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு மாணவன், அப்பாவின் படகு எஞ்சினைப் பத்து வயதிலேயே பிரித்துப் பூட்டியவன், சேர்க்கைப் பட்டியலின் கடைசி வரியில் இருந்தான். முதல் பருவத்தில் வெளிச்சம் கசியாத துண்டை முதலில் காட்டியவன் அவனே. இதைச் சட்டமாக்கிவிட முடியாது. நல்ல மதிப்பெண் வாங்கி நன்றாக ராவியவர்களும் பலர் உண்டு. மதிப்பெண் இந்த இரு வகையினரையும் பிரித்துக் காட்டவில்லை என்பதை மட்டுமே சொல்கிறேன்.

அரசு ஏற்கெனவே ஒரு கீழெல்லையை வகுத்திருக்கிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளுக்கு அறிவியலும் கணிதமும் படித்த பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பாடத்தைப் பின்தொடர இவ்வளவு கல்வி தேவை என்ற கணக்கில் வகுக்கப்பட்ட அந்த எல்லை நியாயமானதே. அதைத் தாண்டியவர்கள் நூறு பேர், ஒரு பிரிவில் இடம் இருபது என்னும்போது 412 பெற்றவரை உள்ளேயும் 405 பெற்றவரை வெளியேயும் நிறுத்துவது, வரிசை அமைக்க ஒரு வழி தேவைப்படுவதால் நாம் செய்துகொண்ட ஏற்பாடு. ஏற்பாடு என்ற அளவில் எனக்கு மறுப்பில்லை. அந்த ஏழு மதிப்பெண்ணைத் திறமை என்று அழைக்கும்போதுதான் தயங்குகிறேன். மாலையில் டியூஷனுக்குப் போன பிள்ளைக்கும், அதிகாலையில் துறைமுகத்தில் மீன்கூடை தூக்கிவிட்டு வகுப்புக்கு வந்த பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரமும் அந்த ஏழுக்குள் அடங்கியிருக்கக்கூடும்.

தலைமையாசிரியராக இருந்தவர் என்பதால் இன்னொன்றையும் உங்களிடம் கேட்டுவிடுகிறேன். 1978இல் மேல்நிலைக் கல்வி தமிழ்நாட்டில் தொடங்கியபோதே தொழிற்பிரிவும் உடன் வந்தது. அந்தப் பிரிவுகளில் யாரைச் சேர்த்தோம்? அறிவியல் பிரிவு கேட்டு வந்த மாணவனிடம், ‘உன் மார்க்குக்கு வொக்கேஷனல்தான்’ என்று சொல்லி அனுப்பாத பள்ளி எத்தனை? பொது இயந்திரவியலையோ வேளாண்மையையோ விரும்பி வந்தவனுக்கும், வேறு கதவுகள் மூடியதால் வந்து சேர்ந்தவனுக்கும் வேறுபாடு பார்க்காமல் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தோம். நியாயமற்ற சேர்க்கை என்றவுடன் இடம் மறுக்கப்பட்டதையே நினைக்கிறோம். விரும்பாத இடத்தில் தள்ளப்பட்டவரின் முறையீட்டைக் கேட்க ஒரு குழுவும் கிடையாது.

“என் மகள் அரசுப் பள்ளியில் படித்துப் பத்தாம் வகுப்பில் 318 எடுத்தாள். எலக்ட்ரீஷியன் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு தனியார் நிலையத்தில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். ‘பெண் பிள்ளை கம்பத்தில் ஏறுவாளா? தையல் பிரிவில் இடம் இருக்கிறது’ என்று சொல்லி முடித்துவிட்டார்கள். இது முறைதானா?”
— தாய் ஒருவர், திருப்பாதிரிப்புலியூர்

முறையன்று. எலக்ட்ரீஷியன் பிரிவுக்குக் கல்வித் தகுதியும் குறைந்தபட்ச வயதும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஆண் என்ற தகுதி எங்கும் எழுதப்படவில்லை. கம்பத்தில் ஏறுவது அந்தத் தொழிலின் ஒரு மூலை மட்டுமே. பேனல் இணைப்பு, மோட்டார் சுற்றுதல், தொழிற்சாலைப் பராமரிப்பு என்று பெரும்பகுதி வேலை தரையில் நின்றுதான் நடக்கிறது. கம்பமாகவே இருந்தாலும், ஏறுவதும் ஏறாததும் உங்கள் மகள் எடுக்க வேண்டிய முடிவு.

நேர்காணல் என்னும் முறையைப் பற்றியே எனக்கு ஐயம் உண்டு. அந்த ஐயம் என் சொந்தப் பிழையிலிருந்து பிறந்தது. நான் சில காலம் பணியாற்றிய ஒரு தனியார் நிலையத்தில் சேர்க்கைக் குழுவில் என்னையும் அமர்த்தினார்கள். ஒரு பையன் ஒவ்வொரு கேள்வியையும் திருப்பிக் கேட்டான்; சில கேள்விகளுக்குச் சும்மா சிரித்தான். ‘புரிதல் குறைவு’ என்று என் தாளில் எழுதினேன். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வந்த அவன் தந்தை, பையனுக்கு இடது காது கேளாது என்றார். நான் அன்று அவனுக்கு இடப்பக்கம் அமர்ந்திருந்தேன். அந்த நாற்காலியை மேசையின் மறுபக்கம் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும். ஐந்து நிமிட நேர்காணலில் கேட்பவருடைய பழக்கமும் விருப்பு வெறுப்பும் எவ்வளவு நுழைகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை. உங்கள் மகளுடைய நேர்காணலில் நுழைந்ததும் அதுவே.

இனிச் செய்ய வேண்டியது: தமிழ்நாடு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையவழிச் சேர்க்கையில் அரசு நிலையங்களையும், தனியார் நிலையங்களின் அரசு ஒதுக்கீட்டு இடங்களையும் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். அங்கே தரவரிசையும் மாணவியின் விருப்ப வரிசையும்தான் கணக்கு. எந்தப் பிரிவு பொருத்தம் என்று பிறர் தீர்மானிக்க இடமில்லை. விருப்பப் பட்டியலில் எலக்ட்ரீஷியனை முதலில் எழுதுங்கள்; அதோடு நிறுத்தாமல் வயர்மேன் போன்ற அருகிலுள்ள பிரிவுகளையும் அவளுக்குச் சம்மதம் இருந்தால் சேர்த்து எழுதுங்கள். அரசு நிலையத்தில் இடம் கிடைத்தால் பயிற்சிக்குக் கட்டணமில்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். தொழிற்பயிற்சியும் அதில் அடக்கம்.

“வெளிநாட்டில் தொழிற்கல்விப் பள்ளிகளுக்குக் குலுக்கல் முறையில் மாணவர்களைச் சேர்க்கிறார்களாம். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது ஆகாதா?”
— ஆசிரியை, இலாசுப்பேட்டை, புதுச்சேரி

நீங்கள் கேள்விப்பட்டது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலமாக இருக்க வேண்டும். அங்கே தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளிகளுக்கு மிகுந்த போட்டி. நம் ஊர் வொக்கேஷனல் பிரிவின் நிலைக்கு நேர்மாறு. இடத்தைவிட விண்ணப்பங்கள் மிகுந்தபோது அப்பள்ளிகள் மதிப்பெண், வருகைப்பதிவு, ஒழுங்குப் பதிவு, பள்ளி ஆலோசகரின் பரிந்துரை, பல இடங்களில் நேர்காணல் என்று புள்ளி போட்டுத் தேர்ந்தெடுத்து வந்தன. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் இந்த வடிகட்டலில் மற்றவர்களைவிடக் குறைவாகவே இடம் பெற்றார்கள் என்ற முறையீடு நெடுநாள் நீடித்தது. 2021இல் விதிகளைத் திருத்தி, அளவுகோல்களைப் பள்ளிகளே வகுத்துக்கொள்ளட்டும், ஆனால் எந்தப் பிரிவினரையும் ஒதுக்குவதாக அவை அமையக்கூடாது என்றார்கள். அதுவும் போதவில்லை என்ற வாதம் தொடர்ந்து, 2025 மே மாதத்தில் மாநிலக் கல்வி வாரியம் குலுக்கலை விதியாக்கியது. வருகை, கடுமையான ஒழுங்கு மீறல், ஆர்வம் ஆகியவற்றைக் கருத வரையறுத்த இடம் உண்டு. மதிப்பெண்ணுக்கும் நேர்காணலுக்கும் இடமில்லை. பள்ளி நிர்வாகிகளில் பலர் இதை எதிர்த்தார்கள். கூரிய கருவிகளும் சுழலும் இயந்திரங்களும் உள்ள இடத்தில் ஒழுங்கில்லாத மாணவனைச் சேர்ப்பது ஆபத்து என்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. லேத்தின் அருகே சட்டைக் கையை மடிக்காமல் நின்றவனை இழுத்துப் பின்னால் தள்ளியவன் என்ற முறையில் அந்த வாதத்தை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். ஆனால் அந்த ஒழுங்கைக் கற்பிப்பதும் பயிற்சியின் முதல் வாரத்துப் பாடம்தானே?

குலுக்கல் நமக்கு அந்நியமானதும் அன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களுக்குத் தனியார் பள்ளிகளில் விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல்தான். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் ஒரு ரேண்டம் எண் கொடுக்கிறார்கள். மதிப்பெண்ணிலும் பிறந்த தேதியிலும் இருவர் சமமாக நின்றால் கடைசியில் அந்த எண்தான் தீர்க்கிறது. இன்னும் பழையதைச் சொல்வதென்றால் குடவோலை.

அந்தக் குடவோலையில் நாம் எளிதாக மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடத்தில் ஓலை இட்டுக் குலுக்கி, சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன முறையின் நேர்த்தியை எல்லோரும் புகழ்கிறோம். ஆனால் ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கே நிபந்தனைகள் இருந்தன. இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருத்தல், வேதக் கல்வி ஆகியவை அவை. குலுக்கலில் கள்ளம் இல்லை. குடத்துக்குள் போகும் பெயர்கள் முன்கூட்டியே சலிக்கப்பட்டுவிட்டன. உங்கள் கேள்விக்கு என் விடையும் அங்கேதான் இருக்கிறது. குலுக்குவதா, வரிசைப்படுத்துவதா என்று வாதிடுவதற்கு முன்னால், குடத்தில் யார் பெயர் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பாடத்தைப் பின்தொடரத் தேவையான தகுதியை மட்டும் கேட்டு, அதை விண்ணப்பத்துக்கு முன்னரே அறிவித்து, அத்தகுதி உள்ள எல்லோருடைய பெயரையும் இட்டபின் குலுக்கினால் அதைப் பொறுப்பின்மை என்று நான் சொல்ல மாட்டேன். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எண் போட்டுக் காட்டுவதைவிட அது நேர்மையானது. நம் நிலையங்களில் நாளையே அதைக் கொண்டுவர வேண்டும் என்று கோரவில்லை. தரவரிசையின் மீது மக்களுக்குள்ள நம்பிக்கை அரிதாகக் கிடைத்தது, அதை அவசரப்பட்டுக் கலைக்கக் கூடாது.

“என் மகன் புதுச்சேரி அரசுப் பள்ளியில் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு எழுதினான். ரெட்டிச்சாவடியில் இருக்கும் என் தங்கை மகன் தமிழ்நாடு பாடத்திட்டம். இருவரும் ஒரே தனியார் பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். இரண்டு மதிப்பெண்ணையும் ஒரே பட்டியலில் போடுவது சரியா?”
— தந்தை, கன்னியக்கோயில்

அப்படியே போடுவது சரியன்று. சி.பி.எஸ்.இ.யில் முதன்மைப் பாடங்களில் எழுத்துத் தேர்வு 80, பள்ளியே அளிக்கும் அகமதிப்பீடு 20. தமிழ்நாட்டில் அறிவியல் பாடத்தில் மட்டுமே 25 செய்முறைக்கு உண்டு. மற்றவை முழுவதும் எழுத்துத் தேர்வு. வினாத்தாளின் போக்கும் திருத்தும் முறையும் வேறு. ஒரே கை சமைத்தாலும் இரண்டு அடுப்பில் வெந்த சோறு இரண்டு பதத்தில்தான் இருக்கும்.

பொறியியல் சேர்க்கையில் இதற்கு ஒரு சமன்செய்யும் கணக்கு நெடுநாளாக உள்ளது. ஒவ்வொரு வாரியத்திலும் அந்தப் பாடத்தில் எடுக்கப்பட்ட மிக உயர்ந்த மதிப்பெண்ணைச் சமமாக வைத்து மற்றவற்றை அதற்கேற்ப உயர்த்துவார்கள். ஒரு வாரியத்தில் உச்சம் 100, இன்னொன்றில் 96 என்றால், இரண்டாவதில் 72 எடுத்தவருக்கு 75 ஆகக் கணக்கிடப்படும். குறையற்ற முறை என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் உச்சத்தில் நிற்கும் ஒருவரை வைத்து நடுவில் நிற்கும் ஆயிரம் பேரை அளக்கிறது. ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட நன்று. உங்கள் மகன் விண்ணப்பித்த கல்லூரியிடம், இரு வாரியங்களின் மதிப்பெண்ணை எப்படிச் சமன்செய்கிறீர்கள் என்று சேர்க்கைக்கு முன்னரே எழுத்தில் கேளுங்கள். பட்டியல் வந்த பிறகு கேட்டால் தங்கை மகனுக்கு எதிராகக் கேட்டதாகிவிடும். குடும்பத்தில் அது வேண்டாம்.

“வன்னியருக்கான 10.5 விழுக்காடு இந்த ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சேர்க்கையில் உண்டா?”
— வாசகர், குறிஞ்சிப்பாடி

இல்லை. 2021 பிப்ரவரியில் இயற்றிய அந்த உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தை அதே ஆண்டு நவம்பர் 1 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை செல்லாதென்றது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கான 20 விழுக்காட்டுக்குள் விண்ணப்பியுங்கள். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் மாற்றுச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்து ஒன்று மாறியதால் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் நின்று அழுதவர்களைக் கண்டிருக்கிறேன்.

“எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் துறைமுகத்தில் வேலை செய்கிறேன். வயது 22. இனிமேல் சேர முடியுமா?”
— இளைஞர், கடலூர் முதுநகர்

முடியும். தமிழ்நாட்டில் ஆண்களுக்கு உச்ச வயது 40. பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்குரிய பிரிவுகளில் விண்ணப்பியுங்கள். இரண்டாண்டுப் பிரிவை முடித்துத் தமிழ், ஆங்கில மொழித் தாள்களிலும் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். வெல்டர் ஓராண்டுப் பிரிவு. இணைச் சான்று உங்கள் நோக்கம் என்றால் வயர்மேனைப் பாருங்கள்.

“ஒரு தனியார் நிலையத்தில் ‘கட்டட நிதி’ என்று 15,000 கேட்கிறார்கள், ரசீது கிடையாதாம். கேட்டால் பட்டியலில் உன் மகன் பெயர் கீழே இருக்கிறது என்கிறார்கள். பட்டியலைக் காட்டவும் மறுக்கிறார்கள்.”
— தந்தை, பண்ருட்டி

ரசீது இல்லாத நிதி என்பது நன்கொடைக் கட்டணத்துக்கு வைத்த செல்லப்பெயர். கல்வி நிறுவனங்கள் நன்கொடைக் கட்டணம் வசூலிப்பதைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992 முதல் இருக்கிறது. கொடுக்காதீர்கள், கேட்ட நாள், கேட்டவரின் பதவி, தொகை ஆகியவற்றை எழுதி வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் மண்டல இணை இயக்குநருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு அளியுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் அங்கேயே கிடைக்கும். அந்தச் சீட்டைத் தொலைக்க வேண்டாம்.

பட்டியலைப் பொறுத்தவரை, தனியார் நிலையத்திடம் நேரடியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வழியில்லாமல் இருக்கலாம். அதனால் துறையிடம் கேளுங்கள். தனியாரிடமிருந்து சட்டப்படி துறை பெறக்கூடிய தகவலும் அச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ‘என் மகனுக்கு ஏன் இடம் தரவில்லை’ என்று எழுதாதீர்கள்; அது தகவல் அன்று, விளக்கம் கேட்பது என்று திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இன்ன நிலையத்தில், இன்ன பிரிவில், இந்த ஆண்டு அரசு ஒதுக்கீட்டிலும் நிர்வாக ஒதுக்கீட்டிலும் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, சேர்க்கப்பட்டவர்களின் தரவரிசைப் பட்டியலின் நகல், அந்த வரிசை எந்த விதியின்படி தயாரிக்கப்பட்டது என்பதற்கான ஆணையின் நகல், அப்பிரிவுக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணம். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுதுங்கள். கலந்தாய்வின் அடுத்த சுற்று அதற்குள் முடிந்துவிடக்கூடும் என்பதால், மகனை அரசு நிலையங்களின் நேரடிச் சேர்க்கைக்கும் இந்த வாரமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.